மட்டக்குதிரைக்கு வரும் திடீர் வயிற்றுநோவு

(ஹல்துமுல்லையில் நெல், மரக்கறிச் செய்கையாளர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



இன்று போஞ்சிச் செடியின் துரு நோயைப் பற்றிப் பேசுவதாகவே உங்களுக்கு அறிவித்திருந்தேன். அதனை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்து, குதிரையைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். நெல் விதைப்போருக்கும் கோவா நடுவோருக்கும் குதிரையால் ஆவதென்ன என்று சிலர் நினைக்கக்கூடும். ஆயினும் நம் பகுதியில் இரண்டொரு வீடுகளிலே மட்டக்குதிரைகள் வளர்கின்றன. நுவரெலியாவில் ஏரிக்கரையிலும் பந்தயத் திடலிலும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் சிறு குதிரைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவ்வினத்தவற்றை, சுற்றுலா வருவோரின் பிள்ளைகளுக்காகவோ தம் பிள்ளைகளின் ஆசைக்காகவோ, வாங்கி வந்து வளர்ப்போர் உளர். குதிரை நம் மலைகளுக்குப் புதியதுமன்று. கோப்பிக் காலத்திலும் தேயிலையின் முற்காலத்திலும் துரைமார் மட்டக்குதிரையிலேறியே மலை பார்த்தனர். பங்களாவின் பின்னே லாயமும், அதற்கென ஒரு குதிரைக்காரரும் இருந்தனர். அந்தக் குதிரைக்காரர் அறிந்திருந்தவை அவரோடேயே போய்விட்டன. நமக்கு எஞ்சியது மாட்டு வைத்தியம் ஒன்றே. அதுவே இப்பேச்சிற்குக் காரணமாயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் நடந்ததைச் சொல்கின்றேன். நம் பகுதியில் அரை ஏக்கரில் மரக்கறி செய்யும் ஒரு குடும்பத்தில் பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. அவளுக்கு ஒரு குட்டைக் குதிரை. பெயர் முத்து. தோள்வரை அளந்தால் முப்பத்தாறு அங்குலம் இருக்கும். பாடசாலை விட்டு அவள் வரும் நேரத்தை அது அறியும். வேலியோரம் வந்து நிற்கும். அன்று கோவா வெட்டிக் கொழும்புக்கு அனுப்பிய நாள். கழித்த இலைகளெல்லாம் மழையில் நனைந்து ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. கயிறு அவிழ்ந்து, குதிரை பகல் முழுவதும் அக்குவியலில் நின்று தின்றிருக்கின்றது.

மாலை ஆறு மணிக்கு நான் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவ்வீட்டார் என்னை மறித்தனர். முத்து முன்காலால் நிலத்தைக் கீறிக்கொண்டிருந்தது; திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது; படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்துப் புரண்டது. கழுத்தெல்லாம் வியர்வை. அயல்வீட்டுப் பெரியவர், மாட்டு வைத்தியத்தில் கைராசி உடையவர், நல்லெண்ணெயில் இஞ்சியும் பெருங்காயமும் கலந்து போத்தலுடன் வந்து நின்றார். “மாட்டுக்கு ஊத்துற மாதிரித்தான ஐயா, ஊத்திரலாமா?” என்று என்னைக் கேட்டார். ஊற்றலாம் என்றவன் நானே. அவர் போத்தலைப் பிடிக்க, குதிரையின் தலையை உயர்த்திப் பிடித்தவனும் நானே. பாதிப் போத்தல் உள்ளே போயிற்று. அது இருமவும் இல்லை. நன்றாக விழுங்கிற்று என்றே எண்ணினோம்.

அதன் பின்னரே மிருக வைத்தியருக்குத் தொலைபேசியிற் சொன்னோம். மழையில் மண் சரிந்து வழி தடைப்பட்டிருந்தமையால் அவர் வந்து சேர இரவு பத்து மணிக்கு மேலாயிற்று. அதற்குள் வாயு பிரிந்து, சாணமும் விழுந்து, குதிரை அமைதியாக நின்றது. பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எண்ணெய் வேலை செய்தது என்று பெரியவரை நான் பாராட்டினேன். வைத்தியர் பாராட்டவில்லை. மார்பிற் காது வைத்து நெடுநேரம் கேட்டார். மூன்று நாளைக்குக் காய்ச்சலை அளந்து தமக்குச் சொல்லும்படி கூறிப் போனார். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறிற்று. மூக்குத்துளை விரிய மூச்சு வாங்கிற்று. ஊசிகள் போட்டும் ஆறாம் நாள் விடியலில் முத்து இறந்தது. வயிற்றுநோவு அதனைக் கொல்லவில்லை. நாங்கள் ஊற்றிய எண்ணெயில் ஒரு பங்கு சுவாசப்பைக்குள் இறங்கியிருந்தது, அதுவே கொன்றது.

இதனை நான் மறைத்து வைக்கலாம். பண்ணைப் பாடசாலையில் எங்களுக்குப் பசு, எருமை, ஆடு, கோழி யாவும் கற்பித்தார்கள். குதிரைக்கு ஒதுக்கிய நேரம் மிகச் சிறிது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எந்தப் பாடசாலையும் வேண்டியதில்லை. ஆதலின் அதன் பின்னர் வைத்தியர்களிடம் கேட்டறிந்தவற்றை இங்கே கூறுகின்றேன்.

பசுவும் குதிரையும் ஒரே புல்லைத் தின்னினும், அப்புல் செல்லும் வழி வேறு. பசுவின் இரைப்பை நான்கு அறைகள் உடையது. அவற்றுள் முதலறை பெருத்த கறவைப் பசுவில் நூறு லீற்றருக்கு மேலும் கொள்ளும். அங்கே புல் புளித்து எழும் வாயுவைப் பசு ஓயாது ஏப்பமாக வெளியேற்றிக்கொண்டிருக்கும். ஏப்பம் நின்றாலே உப்புசம். அது இடப்பக்க விலாவிலே மத்தளம் போல் எழும்பி நிற்பதை நீங்கள் அறிவீர்கள். ஈரமான இளம் அவரையினப் பயிர்களை மிகுதியாகத் தின்றதால் நுரை கட்டிய உப்புசமாயின், எண்ணெய் அந்நுரையை உடைக்கும். ஆகவே மாட்டிற்கு எண்ணெய் கொடுப்பதில் நியாயம் உண்டு. அங்கும் நாக்கை இழுத்துப் பிடித்து, தலையை வானம் பார்க்க நிறுத்தி ஊற்றினால் சுவாசப்பைக்குட் போகும் என்பதை மறவாதீர்கள். கிழங்கோ நோகோலோ தொண்டையில் அடைத்து ஏற்பட்ட உப்புசமாயின் எண்ணெய் பயன்படாது, தீங்கும் செய்யும்.

குதிரையின் இரைப்பையோ மிகச் சிறியது. வளர்ந்த பெருங்குதிரையின் இரைப்பையே எட்டு முதல் பதினைந்து லீற்றர் வரைதான் கொள்ளும். முப்பத்தாறு அங்குலக் குட்டைக்கு அதிற் சிறு பங்கே. அதன் வாயிலில் உள்ள தசைவளையம் உள்ளே விடும், வெளியே விடாது. ஆகையாற் குதிரை வாந்தி எடுப்பதில்லை. பசுவைப் போல் ஏப்பம் விட்டு வாயுவைத் தள்ளவும் அதனால் இயலாது. இரைப்பையின் அப்பால், புல் புளிக்கும் இடம் பின்குடலாகும். அது ஒடுங்கியும் விரிந்தும், ஒரு வயிற்றறைக்குள்ளேயே பலமுறை மடிந்தும் கிடப்பது. வாய்க்காலில் மடை திரும்பும் இடத்திலே சருகு அடைபடுவதைக் காண்கின்றோமன்றோ? அதுபோலவே உலர்ந்த சாணம் அம்மடிப்புகளிலே தங்கி அடைக்கும். குட்டை இனங்களில் குடல் ஒடுக்கமாதலின் இவ்வடைப்பு மிகுதி. சாணத்தோடு நார், மயிர், பொலித்தீன் கயிறு முதலியன திரண்டு கல்லைப்போல் இறுகுவதும் உண்டு.

ஆகவே குதிரையின் வயிற்றுநோவு ஒரு நோயன்று, பல நோய்களின் ஒரே குரல் எனலாம். வாயு திரண்டதாகவும் இருக்கலாம், சாணம் அடைத்ததாகவும் இருக்கலாம், புழுவாகவும் இருக்கலாம், குடல் முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். முதலிற் கூறியது தானே தணிவதும் உண்டு. இறுதியிற் கூறியதற்கு அறுவை ஒன்றே வழி. வெளியே நின்று பார்க்கும் நமக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முத்துவுக்கு வாயு தானே பிரிந்தது. எண்ணெய்க்கு அதில் ஒரு பங்கும் இல்லை என்றே வைத்தியர் கருதினார்.

எண்ணெய் குதிரைக்கு நஞ்சு என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். வைத்தியரும் சில வேளைகளில் எண்ணெய் கொடுப்பர். ஆனால் அவர் மூக்குத்துளை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அது இரைப்பையைச் சேர்ந்தமையை உறுதிசெய்து, முதலில் அங்கே தேங்கிய நீரும் வாயுவும் வெளிவருகின்றனவா என்று பார்த்து, தேக்கம் இல்லையெனக் கண்ட பின்னரே அதன் வழியே ஊற்றுவார். வேதனையில் மூச்சு வாங்கும் குதிரையின் வாயில் நாம் ஊற்றும்போது அது எங்கே போகின்றதென்று நமக்குத் தெரியாது. தண்ணீர் மூச்சுக்குழாயிற் போனால் இருமல் வரும். எண்ணெய் வழவழப்பானது; இருமலையும் எழுப்பாமல் இறங்கிவிடும். முத்து இருமாததைக் கண்டு நாங்கள் மகிழ்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு சுடுகின்றது.

இனி, நோவை எவ்வாறு அறிவது என்று பார்ப்போம். நிலத்தைக் கீறுதல், விலாவைப் பார்த்தல், மேலுதட்டைச் சுருட்டுதல், சிறுநீர் கழிப்பதைப் போல் உடலை நீட்டி நின்றும் கழியாமை, படுத்தெழுதல், புரளுதல், வியர்த்தல் ஆகியன யாவரும் காணக்கூடியவை. குட்டைக் குதிரைகளிற் சில இவ்வளவும் செய்யாமல், தீனியை வெறுத்து ஒரு மூலையில் முகத்தைத் திருப்பி நிற்பதோடு நின்றுவிடும். சாணம் எத்தனை முறை விழுந்தது என்பதை நாள்தோறும் கவனிக்கும் வீட்டார் அதனை முதலிற் கண்டுகொள்வர்.

அதன் பின் அளவுகள். தாடையெலும்பின் கீழ்விளிம்பில் விரல் வைத்தால் நாடி ஓடுவது தெரியும். தெரியாவிடின் இடது முழங்கையின் பின்புறத்தே மார்பிற் காதை வைத்து இதயத் துடிப்பை எண்ணலாம். பதினைந்து விநாடிகள் எண்ணி நான்கால் பெருக்குக. பெருங்குதிரைக்கு ஓய்வில் நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை. குட்டை இனத்திற்குச் சற்றுக் கூடுதலாக 50 வரையும் இருக்கலாம். அமைதியாக நிற்கும்போதும் 60ஐத் தாண்டினால் ஆபத்து. 80ஐத் தாண்டினால் பேராபத்து. பல்லீறு ஈரமாய் இளஞ்சிவப்பாய் இருத்தல் வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளிறியோ, கருஞ்சிவப்பாகவோ, ஊதாவாகவோ மாறினால் ஒரு நிமிடமும் தாமதியாதீர்கள். காய்ச்சல் 37.5 முதல் 38.5 பாகை வரை இயல்பு. விலாவிற் காது வைத்தால் குடல் இரைவது கேட்கும். இரைச்சல் முற்றும் அடங்குவது நல்ல அறிகுறியன்று. நோவு இல்லாத நாட்களிலேயே இவற்றை அளந்து பழகி, உங்கள் குதிரையின் இயல்பான எண்ணை லாயக் கதவில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிலே, பதற்றத்திலே முதன்முறையாக நாடி தேடுவோருக்குத் தம் விரலின் நாடியே கேட்கும்.

நோவு கண்டவுடன் முதலிற் செய்ய வேண்டியது மிருக வைத்தியருக்குத் தொலைபேசியிற் சொல்வது. எப்போது தொடங்கிற்று, கடைசியாக என்ன தின்றது, சாணம் விழுந்ததா, நாடி எவ்வளவு என்ற நான்கையும் சொன்னால் அவர் வரும் வேகமும் கொண்டுவரும் மருந்தும் மாறும். நம் வழியை நீங்கள் அறிவீர்கள். பெரகலைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையே ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த வளைவில் எப்போது மண் இறங்குமென்று சொல்வாரில்லை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நேர்ந்ததை இங்கே அமர்ந்திருப்போருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆகவே, இன்னும் சற்றுப் பார்ப்போம் என்று இரவு எட்டு மணிவரை காத்திருப்பவர், எட்டு மணிக்கு வைத்தியர் வரவியலாத இடத்தில் இருப்பார்.

அடுத்து, தீனி முழுவதையும் அகற்றிவிடுக. புல், தவிடு, கரட், ஒரு பிடியும் வேண்டா. தண்ணீர் மட்டும் அருகே இருக்கட்டும். குடிப்பதும் குடியாததும் அதன் விருப்பம். மழை படாத, கல்லும் கம்பியும் இல்லாத இடத்தில் நிறுத்துக. அமைதியாகப் படுத்திருப்பின் படுக்கவிடுங்கள். புரளுவதாற் குடல் முறுக்கும் என்பது பழைய நம்பிக்கை, அது உறுதிப்படவில்லை. பெரும்பாலும் முறுக்கு முந்தியது, புரளல் பிந்தியது. ஆயினும் கடுமையாகப் புரண்டு தலையையும் கண்ணையும் புண்படுத்திக்கொள்ளும் குதிரையைப் பத்து நிமிடம் மெல்ல நடத்தலாம். நடந்தால் வாயு பிரிய உதவியும் ஆகலாம். சிலர் விடியும்வரை ஆள் மாற்றி ஆள் இழுத்து நடத்துகின்றனர். அது நோயுற்ற உயிரைக் களைப்பாற் கொல்வதாகும். தரையில் வீழ்ந்து உதைக்கும் குதிரையின் கால்களுக்கு இடையே எவரும் நுழையலாகாது. உருவம் சிறிதென்று எண்ணிப் பிள்ளைகள் ஓடிப்போய் அணைப்பர். முதலில் அவர்களை விலக்குங்கள்.

வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். எண்ணெய், சாராயம், ஓம நீர், சோடா, உப்புக் கரைசல் எதுவாயினும் ஒன்றே. வீட்டிலுள்ள தலைவலிக் குளிசைகளும் வேண்டா. முன்னொரு முறை வைத்தியர் விட்டுச்சென்ற மருந்தின் மிச்சத்தை அவரைக் கேளாமற் கொடுப்பதும் கூடாது. நோவை மறைத்துவிடும், நோயை மறைக்காது. தண்ணீர்க் குழாயை ஆசனவாயிற் செலுத்திச் சாணத்தை இறக்க முயல்வோரும் உளர். பெருங்குதிரையில் வைத்தியர் கையை உட்செலுத்திக் குடலைத் தடவிப் பார்ப்பதுண்டு. குட்டைக் குதிரையில் அவரே அதனைச் செய்யத் தயங்குவார், குடல் கிழிந்துவிடும் என்பதனால். அவர் தயங்கும் இடத்திலே நாம் குழாயைச் செலுத்தலாமா?

நோவு தணிந்த பின்னும் ஒரு செய்தி உண்டு, பலரும் அறியாதது. கொழுத்த மட்டக்குதிரை இரண்டொரு நாள் தின்னாதிருந்தால், உடலிற் சேர்ந்த கொழுப்பு உருகி இரத்தத்தில் மிகுந்து ஈரலைக் கெடுக்கும். சினைக் குதிரைக்கும் பாலூட்டும் குதிரைக்கும் இவ்வாபத்து இன்னும் அதிகம். ஆகையால் வைத்தியர் சொல்லும் நேரத்தில் தீனி தொடங்க வேண்டும். மறுநாளும் தின்ன மறுத்தால் அன்றே மறுபடி அவரை அழைக்க வேண்டும். மாடு இரண்டு நாள் அசைபோடாது நின்று பின் தேறுவதைக் கண்ட கண்ணால் குட்டைக் குதிரையைப் பார்க்கலாகாது.

தீனியைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன், ஏனெனில் நம் தோட்டங்களிலேதான் நோவு விளைகின்றது. கழித்த கோவா இலை, லீக்ஸ் தாள், முளைத்த உருளைக்கிழங்கு ஆகியவை குதிரையின் தீனியல்ல. லீக்ஸும் வெங்காயமும் மிகுந்தால் இரத்தத்தையே கெடுக்கும். பச்சையேறிய கிழங்கு நஞ்சு. தேயிலை மலையோரத்தில் அறுத்த புல்லைக் கட்டாகவே போட்டு வைத்தால் மறுநாள் கைவிட்டுப் பாருங்கள், உள்ளே சூடு பிறந்திருக்கும். அந்தச் சூடு குடலிலும் பிறக்கும். அறுத்த புல்லை அன்றே பரப்பி ஆறவிட்டுக் கொடுங்கள். களைநாசினி தெளித்த இடத்துப் புல்லை எந்த உயிருக்கும் வெட்டாதீர்கள். உலர்ந்த தவிட்டை அப்படியே வைத்தால் பேராசையுள்ள குட்டை அதனை வாரி விழுங்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நனைத்தே கொடுக்க வேண்டும், அதுவும் சிறிதாக. ஒரு தீனியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதை ஏழு, பத்து நாட்களிற் சிறிது சிறிதாகச் செய்க.

இவை எல்லாவற்றினும் முக்கியம் மூட்டைத் தீவனம். சில மாட்டுத் தீவனங்களிலும் கோழித் தீவனங்களிலும் மொனென்சின் முதலிய மருந்துகள் கலக்கப்படுவதுண்டு. மாட்டிற்கு நன்மை செய்யும் அம்மருந்து குதிரையின் இதயத்தைச் செயலிழக்கச் செய்து கொன்றுவிடக்கூடும். அதற்கு மாற்று மருந்தும் இல்லை. மாட்டுக்கு வாங்கிய மூட்டையில் ஒரு கை அள்ளிக் குதிரைக்கும் போடுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். இன்று வீடு சென்றதும் அம்மூட்டையைக் குதிரையின் வாய்க்கு எட்டாத அறையில் வைத்துப் பூட்டுங்கள்.

தண்ணீரும் கவனிக்கத் தக்கது. மார்கழி, தை மாதங்களில் மலைக்காற்றுக் குளிரும்போது குதிரை குறைவாகக் குடிக்கும். உலர்புல் தின்று நீர் குடியாத குடலிலே சாணம் இறுகும். அக்காலத்தில் வெதுவெதுப்பான நீரை வாளியில் வைத்தால் விரும்பிக் குடிக்கும். நாளொன்றுக்கு எத்தனை வாளி குறைந்தது என்பதையும் பாருங்கள். புழு மருந்தின் அளவை மாட்டுக் கணக்கில் தீர்மானியாதீர்கள். உடல் எடையை நாடாவால் அளந்து வைத்தியரிடம் கேளுங்கள். பல்லையும் ஆண்டிற்கொரு முறை அவரிடம் காட்டுங்கள். குட்டைக் குதிரையின் சிறிய தாடையிற் பற்கள் நெருங்கிக் கோணலாகும். அரைபடாத புல்லே குடலிற் சுருளும்.

முத்து இறந்த மறு ஆண்டு அப்பிள்ளைக்கு வேறொரு குதிரை கிடைத்தது. விடுதியொன்றில் வயதாகிவிட்டதென்று கொடுத்த பெட்டைக் குதிரை. கொண்டுவந்த அன்றே தகப்பனார் கோவாக் கழிவுக்குக் குழி வெட்டி மேலே தகரம் போட்டார். கடந்த தை மாதத்தில் ஒருநாள் அதிகாலை ஐந்து மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. “அங்கிள், நாடி ஐம்பத்தாறு. ராத்திரியில இருந்து சாணம் போடல. தீனிய எடுத்துட்டேன். டொக்டருக்குச் சொல்லியாச்சு, வந்துக்கிட்டிருக்காரு. ஒங்களுக்குச் சும்மா சொன்னேன்,” என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவரும் அங்கே இருந்தார். கையிற் போத்தல் இல்லை. குதிரையின் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, அதனோடு ஏதோ பேசியவாறு முற்றத்தில் மெல்ல நடந்துகொண்டிருந்தார். வைத்தியர் குழாயிட்டுப் பார்த்துத் தண்ணீரும் எண்ணெயும் அதன் வழியே செலுத்தினார். மாலை நான்கு மணிக்குச் சாணம் விழுந்தது. கல்லைப் போன்ற ஏழு உருண்டைகள். பிள்ளை அவற்றை எண்ணிக் கதவில் எழுதினாள்.

போஞ்சித் துரு நோய்க்கு அடுத்த கூட்டத்தில் வருவேன். நோயுற்ற இலைகளை ஒரு காகிதப் பையிற் போட்டு எடுத்து வாருங்கள். பொலித்தீன் பையில் வேண்டா, அழுகிவிடும்.